ஓய்ந்துபோகாமல் நல்ல கல்லூரியில் சேர: பெங்களூரு பி.யூ. மாணவர்களுக்கு ஒரு செய்முறை

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரமே வீட்டில் பட்டியல் நீள ஆரம்பித்துவிடும். சி.இ.டி., காமெட்-கே, ஜே.இ.இ. மெயின், நாலைந்து தனியார் பல்கலைக்கழகத் தேர்வுகள், எதற்கும் இருக்கட்டும் என்று நீட். பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்த கோச்சிங்கில் அட்வான்ஸும் கட்டியாகிவிடும். இரண்டாம் பி.யூ. (பன்னிரண்டாம் வகுப்பு) நவம்பரில் பிள்ளை புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்கான காரணம் பெரும்பாலும் அந்த முதல் வாரத்திலேயே இருக்கிறது. பாடம் அதே என்.சி.இ.ஆர்.டி. பாடம்தான். அதன்மேல் ஏற்றிவைத்த தேர்வுகளும் பயணமும்தான் ஆளைச் சாய்க்கின்றன.

அதனால் முதலில் கழிக்க வேண்டியதைக் கழிப்போம். படிப்பது எப்படி என்பது அதற்குப் பிறகு. இது அதிகமும் என்ஜினியரிங் பக்கம் போகிறவர்களுக்கு. மற்றவர்களுக்கு நடுவில் ஒரு பத்தி இருக்கிறது.

படி 1: எந்தக் கதவு உங்களுக்குத் திறந்திருக்கிறது?

ஒரு தாளை எடுத்துக்கொண்டு இந்த நான்கையும் எழுதிப் பாருங்கள்.

கர்நாடக சி.இ.டி.: மாநில அரசின் பொது நுழைவுத் தேர்வு. இதன் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்பது கேள்வியே இல்லை. ஒன்றாம் வகுப்பு முதல் இரண்டாம் பி.யூ. வரையிலான காலத்தில் குறைந்தது 7 ஆண்டுகள் கர்நாடகத்தில் படித்து, எஸ்.எஸ்.எல்.சி.யையோ இரண்டாம் பி.யூ.வையோ இங்கே தேறியிருந்தால் பொதுவாகப் போதும். சி.பி.எஸ்.இ. பள்ளியில் படித்த ஆண்டுகளும் இதில் சேரும். அல்சூரிலோ ராமமூர்த்தி நகரிலோ பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இதில் சிக்கல் இல்லை. எட்டாம் வகுப்பில் சென்னையிலிருந்து வந்தவர்தான் விரல் விட்டு எண்ண வேண்டும்: எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஐந்தே ஆண்டு. பெற்றோர் வழியில் வரும் பிரிவுகள் தனியாக உண்டு. சி.இ.டி.யை நடத்தும் கே.இ.ஏ. (கர்நாடகத் தேர்வு ஆணையம்) வெளியிடும் கையேட்டில் அவற்றை இப்போதே படித்துவிடுங்கள்.

ஜே.இ.இ. மெயின்: மத்திய அரசின் என்.ஐ.டி. என்ஜினியரிங் கல்லூரிகளுக்கான அகில இந்தியத் தேர்வு. என்.ஐ.டி.களில் பாதி இடம் உள்மாநிலத்தவருக்கு. பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் தேறினீர்களோ அதுதான் உங்கள் மாநிலம். "நமக்குத் திருச்சி இருக்கிறது" என்று தாத்தா சொன்னாலும், பெங்களூரில் பி.யூ. முடித்தவருக்கு உள்மாநில ஒதுக்கீடு கர்நாடகத்தின் சூரத்கல் என்.ஐ.டி.யில்தான். திருச்சிக்கு வெளிமாநிலப் போட்டியில் போக வேண்டும். பல வீடுகளில் இது கவுன்சலிங் அன்றுதான் தெரிகிறது.

காமெட்-கே: கர்நாடகத் தனியார் கல்லூரிகளுக்கு, எல்லா மாநிலத்தவருக்கும். கட்டணம் சி.இ.டி. இடத்தைவிடக் கணிசமாக அதிகம். அந்தத் தொகையை வீடு தாங்காது என்றால் இந்தத் தேர்வே தேவையில்லை. விண்ணப்பிக்கும் முன்பே அப்பா அம்மாவிடம் பேசிவிடுங்கள்.

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு: நுழைவுத் தேர்வே கிடையாது. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப். பூர்வீகம் தமிழ்நாடு என்றால் வெளிமாநிலத்தில் படித்தவரும் இருப்பிடச் சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம். தனியாக ஒரு பக்கம்கூடப் படிக்க வேண்டாத மாற்று வழி இது. பெங்களூரில் இதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு.

இந்த நான்கில் உழைப்பைப் போடுவது இரண்டில் மட்டும். பெரும்பாலானவர்களுக்குச் சி.இ.டி. முதலாவது. இரண்டாவதாக ஜே.இ.இ. மெயின் அல்லது காமெட்-கே. ஐ.ஐ.டி. கனவு உண்மையிலேயே பிள்ளையுடையது என்றால் ஜே.இ.இ. முதலிடத்துக்கு வரட்டும். மாமாவுடைய கனவு என்றால் விட்டுவிடலாம். "எதற்கும் இருக்கட்டும்" நீட்டை இன்றே அடித்துவிடுங்கள். கணக்கையும் பயாலஜியையும் இரண்டு போட்டித் தேர்வுக்குச் சேர்த்து இழுப்பதுதான் பிள்ளைகளை வேகமாகக் களைக்கவைக்கிற காரியம்.

காமர்ஸ், ஆர்ட்ஸ் மாணவர்களுக்கு: பெங்களூரின் பேர்பெற்ற கல்லூரிகள் சிலவற்றில் ரிசல்ட்டுக்கு முன்பே விண்ணப்பம் தொடங்கிவிடும், சொந்தத் தேர்வும் நேர்காணலும் இருக்கும். டிசம்பரிலிருந்தே அவர்கள் இணையதளத்தைப் பாருங்கள். சட்டம் என்றால் கிளாட்: 120 கேள்வி, 2 மணி நேரம். இங்கெல்லாம் தினமும் ஒரு மணி நேரம் ஆங்கிலச் செய்தித்தாளைக் கவனமாகப் படிப்பது பாதி வேலையை முடித்துவிடும்.

படி 2: பி.யூ. கல்லூரியைத் தூரத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் தினம் 8 மணி, ஆக 56. கல்லூரி ஆறு நாளும் 7 மணி நேரம், ஆக 42. குளியல், சாப்பாடு, வீட்டு வேலை தினம் இரண்டரை மணி, ஆக 17.5. போக வர ஒன்றரை மணி நேரம் ஆகிற கல்லூரி என்றால் பயணம் 9. மிச்சம் 43.5 மணி நேரம். இதில் 25 மணி சொந்தப் படிப்புக்குப் போனாலும் விளையாட, தூங்க, சும்மா இருக்க 18.5 கைவசம் இருக்கும்.

அதே பிள்ளை கே.ஆர்.புரத்திலிருந்து ஜெயநகருக்குப் பஸ்ஸில் தினம் 3 மணி நேரம் போய்வந்தால் மிச்சம் 34.5. மாலையில் தனியாக கோச்சிங் நான்கு நாள், ஒவ்வொன்றும் பயணத்தோடு 4 மணி நேரம் என்றால் இன்னொரு 16 போச்சு. கையில் 18.5 மணி நேரம். அதற்குள் 25 மணி நேரப் படிப்பை எங்கே திணிப்பது? தூக்கத்தில்தான் கைவைப்பார்கள். பதின்வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பகலில் படித்தது மூளையில் படிவதும் அந்தத் தூக்கத்தில்தான். இரவு ஒரு மணி வரை போட்ட கணக்கு மறுநாள் டெஸ்ட்டில் கை கொடுக்காமல் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: வீட்டிலிருந்து ஒரு வழிக்கு 45 நிமிடத்துக்குள், முடிந்தால் ஒரே மெட்ரோப் பாதையில். பிறகு லேப் ஒழுங்காக நடக்கிறதா. கட்டடமும் சாலையோர ரேங்க் போர்டும் கடைசியில். அந்த போர்டில் சிரிக்கிற முகங்கள் எத்தனை பேரில் அத்தனை பேர் என்பது எழுதியிருக்காது.

கோச்சிங்கையும் கல்லூரியையும் ஒரே வளாகத்தில் நடத்தும் 'இன்டக்ரேட்டட்' பி.யூ. எடுக்கலாமா? பயணம் மிச்சம், அது உண்மை. ஆனால் காலை 7 முதல் இரவு 7 வரை வைத்திருக்கிற இடம் என்றால் சொந்தமாகக் கணக்குப் போட நேரமே இருக்காது. கேட்டுக்கொண்டே இருப்பதும் படிப்பதும் வேறு வேறு. சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சனி, ஞாயிறு வகுப்பு உண்டா? பாதியில் விட்டால் கட்டணம் எவ்வளவு திரும்பும்? டெஸ்ட் மதிப்பெண்ணை வைத்து செக்ஷன் மாற்றுவார்களா? மூன்றாவதற்கு "ஆமாம், மாதாமாதம்" என்று பதில் வந்தால், பயந்த சுபாவமுள்ள பிள்ளையை அங்கே விடாதீர்கள்.

மொழிப் பாடம்: பி.யூ.வில் 600 மதிப்பெண்ணில் மொழிகளுக்கு 200. என்ஜினியரிங் சி.இ.டி. ரேங்க் கணக்கில் அது வராது, தேறினால் போதும். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கல்லூரியில் தமிழ் இருந்தால் அதுவே சுலபம். எல்லாக் கல்லூரியிலும் இருக்காது, விண்ணப்பத்துக்கு முன் கேளுங்கள். காமர்ஸ் மாணவருக்கு மொத்த மதிப்பெண் முக்கியம் என்பதால் இன்னும் யோசித்து எடுக்க வேண்டும்.

படி 3: ஒரே படிப்பை மூன்று தேர்வுக்கும் பயன்படுத்துங்கள்

சி.இ.டி. என்ஜினியரிங் ரேங்க் பாதி போர்டு (இரண்டாம் பி.யூ. பொதுத்தேர்வு), பாதி சி.இ.டி. இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றிலும் சேர்த்து போர்டில் 300-க்கு 270 என்றால் 90 சதவீதம். சி.இ.டி.யில் 180-க்கு 90 என்றால் 50 சதவீதம். இரண்டின் சராசரி 70. இதை 72.5 ஆக்க இரண்டு வழி: போர்டில் 15 மதிப்பெண் கூட்டலாம், அல்லது சி.இ.டி.யில் 9 கூட்டலாம். 270 எடுக்கிறவருக்கு மேலே ஏற இடம் கொஞ்சம்தான், சி.இ.டி. பக்கம் சுலபம். 220 எடுக்கிறவருக்கு போர்டுதான் சுலபமான பக்கம். உங்கள் சமீபத்திய மதிப்பெண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள்.

பாடம் ஒன்றுதான், வேகம்தான் வேறு. சி.இ.டி.யில் ஒரு பாடத்துக்கு 60 கேள்வி, 80 நிமிடம்: கேள்விக்கு 80 நொடி. காமெட்-கேயில் 180 கேள்வி, 180 நிமிடம்: 60 நொடி. ஜே.இ.இ. மெயினில் 75 கேள்வி, 180 நிமிடம்: 144 நொடி. ஜே.இ.இ.க்கே பழகிய கை காமெட்-கேயில் தடுமாறுவது இதனால்தான். அறிவு குறைந்துவிட்டது என்று நினைத்து அழுகிறார்கள், பாவம்.

இன்னொரு பொறி: ஜே.இ.இ.யில் தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும், அதனால் தெரியாததை விடப் பழகியிருப்பீர்கள். சி.இ.டி.யிலும் காமெட்-கேயிலும் கழிப்பது இல்லை. ஒரு கேள்வியைக்கூட வெறுமையாக விடக்கூடாது. சி.இ.டி. பேனா பிடித்து ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்புகிற தேர்வு. கடைசி 5 நிமிடத்தில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைத்தால் ஒரு வரிசை தள்ளிப்போய் அதன் கீழே எல்லாமே தப்பாகும். பத்துப் பத்துக் கேள்வியாக நிரப்பிக்கொண்டே போங்கள்.

படி 4: வார ஒழுங்கும் தப்பு நோட்டும்

திங்கள் முதல் வெள்ளி வரை தினம் 3 மணி நேரம், சனி 6, ஞாயிறு காலை 4. மொத்தம் 25. ஞாயிறு மதியத்துக்குப் பிறகு புத்தகம் மூடியிருக்க வேண்டும். 50 நிமிடம் படிப்பு, 10 நிமிடம் எழுந்து நடப்பது. அந்தப் பத்து நிமிடத்தில் போன் எடுத்தால் அது ஓய்வாக இருக்காது.

மாதிரித் தேர்வு முதலாம் பி.யூ.வில் மாதம் ஒன்று, இரண்டாம் பி.யூ. நவம்பரிலிருந்து வாரம் ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். எழுதுவதைவிட அலசுவதற்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும். அலசாத தேர்வு களைப்பை மட்டும்தான் தரும்.

அலசுவதற்கு 200 பக்க நோட்டு ஒன்று. நான்கு கட்டம்: கேள்வி, நான் செய்தது, ஏன் தவறியது, மறுபடி போட வேண்டிய தேதி. மூன்றாவது கட்டத்தில் "கவனக்குறைவு" என்று எழுதத் தடை. அது எதையும் சொல்லாது. "சென்டிமீட்டரை மீட்டராக மாற்றவில்லை", "லிமிட்டில் 0/0 என்று பார்க்காமலே மதிப்பைப் போட்டேன்" என்று எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஐந்தாறு காரணங்களே திரும்பத் திரும்ப வந்திருக்கும். அவற்றைச் சரிசெய்தாலே போதும், புதிதாக ஒரு கைடு வாங்க வேண்டியதில்லை.

படி 5: உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

சாதாரணக் களைப்பு ஒரு நல்ல தூக்கத்தில் போய்விடும். இவை இரண்டு வாரம் தொடர்ந்தால் அது வேறு: படிக்கும் நேரம் கூடியும் மாதிரித் தேர்வு மதிப்பெண் இறங்குகிறது. டெஸ்ட் நாளில் மட்டும் வயிறு வலிக்கிறது. ஒரே பக்கத்தை நான்கு தடவை படித்தும் ஏறவில்லை. பிடித்த கிரிக்கெட்டும் பிடிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் அம்மாவிடம் சீறல்.

உடனே செய்ய வேண்டியது: பத்து நாளுக்கு மாதிரித் தேர்வு நிறுத்தம், படிப்பு பாதி, இரவு 10:30-க்கு விளக்கு அணைப்பு, மாலையில் அரை மணி நடை. பெற்றோர் அந்தப் பத்து நாளும் மார்க் கேட்கக் கூடாது. சித்தி மகளின் ரிசல்ட்டும் சாப்பாட்டு மேசைக்கு வர வேண்டாம். பத்து நாளில் தேறவில்லை என்றால் மருத்துவரையோ கல்லூரி ஆலோசகரையோ பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416, இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். 'செத்துப்போனால் தேவலை' என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் பத்து நாள் காத்திருக்கக் கூடாது. பிள்ளையைத் தனியே விடாமல் அன்றே அழைக்க வேண்டும்.

படி 6: ஜனவரிக்கு முன் தாள்கள், ஜூனில் வரிசை

ஜனவரியில் ஜே.இ.இ. முதல் சுற்று, அடுத்து செய்முறைத் தேர்வும் போர்டும், ஏப்ரலில் ஜே.இ.இ. இரண்டாம் சுற்றும் சி.இ.டி.யும், மே மாதம் காமெட்-கே. ஜே.இ.இ.யில் இரண்டில் நல்லது எதுவோ அதுதான் கணக்கு. ஜனவரி சறுக்கினால் போர்டு முடியும் வரை அதைத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

இந்த நெருக்கத்தில் சான்றிதழுக்கு அலைவது தனிக் களைப்பு. 7 ஆண்டுப் படிப்புச் சான்றிதழை டிசம்பருக்குள் வாங்குங்கள், பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) மேலொப்பம் தேவையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இடஒதுக்கீடு கேட்பவர்களுக்கு: ஊரில் வாங்கிய தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் கே.இ.ஏ.வில் எடுபடாது. கர்நாடக வருவாய்த் துறை தந்த, ஆர்.டி. எண் (அந்தத் துறை சான்றிதழில் இடும் எண்) உள்ள சான்றிதழ்தான் வேண்டும். அந்தப் பிரிவு இங்குள்ள பட்டியலில் உண்டா என்பதை வருவாய்த் துறையின் உள்ளூர் அலுவலகமான நாட கச்சேரியில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சி.இ.டி. ரேங்க் வந்த பிறகு கல்லூரிகளின் விருப்ப வரிசை. கிடைக்குமா கிடைக்காதா என்று யூகித்து வரிசைப்படுத்தாதீர்கள், ஆசைப்படும் வரிசையிலேயே போடுங்கள். உங்கள் ரேங்குக்கு, அந்த வரிசையில் மேலிருந்து பார்த்து முதலில் எது கிடைக்கிறதோ அதைத்தான் கணினி தரும். சேர விரும்பாத கல்லூரியைக் கடைசியில்கூடப் போடக் கூடாது, அதுவே வந்துவிடும். மாதிரி ஒதுக்கீடு வந்ததும் வரிசையை மாற்றலாம். இடம் வந்தபின் நான்கு வழி: சாய்ஸ் 1, ஏற்றுச் சேர்கிறேன். சாய்ஸ் 2, கையில் வைத்துக்கொண்டு அடுத்த சுற்றில் மேலானதுக்குப் பார்க்கிறேன். சாய்ஸ் 3, இது வேண்டாம், அடுத்த சுற்றுக்கு வருகிறேன். சாய்ஸ் 4, விலகுகிறேன். ஓரளவு பிடித்த இடம் வந்தவர் அவசரத்தில் 2-க்குப் பதில் 3-ஐ அழுத்தினால் கையிலிருந்ததும் போகும். கடைசி நாள் இரவு சர்வர் திணறும்போது இதைச் செய்யாதீர்கள். முந்தின நாள் காலையில் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழுத்தி, வரும் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள்.