மெய்யா, பொய்யா? உறவினர் கூடும் நாளில் ஆடுவதற்கு ஒரு தகவல் விளையாட்டு

தஞ்சைப் பெரிய கோயிலை 1010-இல் கட்டி முடித்த முதலாம் ராஜராஜ சோழன் தம் வாழ்நாளில் ஒரு மிளகாயைக்கூடக் கடித்ததில்லை என்று பத்துப் பேர் அமர்ந்திருக்கும் கூடத்தில் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். ஆனால் அது உண்மை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கியதற்குப் பின்னரே போர்த்துகீசியர் வழியாக அது நம் நாட்டுக்கு வந்து, மிளகைப் போல் காரமான காய் என்பதால் அந்தப் பெயரையும் பெற்றது. தகவலைச் சொல்வதற்கும் விளக்கத்தைச் சொல்வதற்கும் இடைப்பட்ட அந்த ஓரிரு நிமிடச் சச்சரவைத்தான் இந்த விளையாட்டு விதிகளுக்குள் கொண்டுவருகிறது. ஒரு வாக்கியம் வாசிக்கப்படும். அது மெய்யா பொய்யா என்று அனைவரும் பந்தயம் கட்ட வேண்டும். இதுவரை எந்தக் குழு விளையாட்டையும் நடத்தியிராதவர்கள்கூடக் கீழ்க்காணும் முறையில் ஒரு மாலைப் பொழுதில் இதை நடத்திவிடலாம்.

முதல் படி: பொருள்களைச் சேர்த்தல்

கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை உள்ளங்கை அளவில் வெட்டினால் முப்பது அட்டைகள் எளிதில் கிடைத்துவிடும். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை வீதம் எண்ணி வைத்துக்கொண்டு, நடுவில் வைக்கும் தாம்பாளத்தில் கூடுதலாக நூறு கொட்டைகளைப் போட்டுவிடுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை ஆடுவது நல்லது. அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் இரண்டிரண்டு பேராக இணைத்துவிடலாம். தாத்தாவையும் பேத்தியையும் ஒரே அணியில் போட்டால் ஆட்டம் இன்னும் சூடுபிடிக்கும் என்பது என் அனுபவம்.

இரண்டாம் படி: தகவல்களைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். யாருக்கும் தெரியாத தகவல் நல்ல தகவல் என்று எண்ணி, எங்கோ இருக்கும் ஒரு தீவின் மக்கள்தொகையைக் கேட்டால் கூட்டம் கொட்டாவி விடும், ஏனென்றால் அதைப் பற்றி யாருக்கும் முன்கூட்டியே ஒரு கருத்து இருக்காது. கேட்பவர் தமக்கு நன்றாகத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒன்றின்மீது போய் மோதுகிற தகவலே இந்த ஆட்டத்துக்கு உதவும். மிளகாய் அன்றாடம் கைபடும் பொருள்; ராஜராஜன் அனைவரும் அறிந்த பெயர்; இரண்டையும் சேர்த்து யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். 1330 குறள்களில் ஒன்றில்கூட 'தமிழ்' என்ற சொல் இல்லை என்பதும் அதே வகையைச் சேர்ந்தது, ஆனால் உறவினரில் ஒரு தமிழாசிரியர் இருந்தால் அந்த அட்டையை எடுத்து ஒளித்துவைத்துவிடுங்கள்.

பொய் அட்டைகளை நீங்களாகக் கற்பனை செய்து எழுத வேண்டாம். கற்பனைப் பொய் உடனே பிடிபட்டுவிடும்; அதோடு, பிள்ளைகள் அதையே உண்மையென்று மனத்தில் பதித்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. ஊரே நம்பிக்கொண்டிருக்கும் பொய்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பலரும் பள்ளி நாளிலிருந்தே கேட்டு வந்திருக்கிறோம். மாலையில் கோயில் வளாகத்துக்குள் நடந்தாலே அந்த நிழலை மிதிக்கலாம். ஹாக்கி இந்தியாவின் தேசிய விளையாட்டு என்பதும் அப்படித்தான். எந்த விளையாட்டையும் அவ்வாறு அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகம் 2012-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் அளித்திருக்கிறது. முப்பது அட்டைகளில் பதினெட்டு மெய்யும் பன்னிரண்டு பொய்யும் இருந்தால் சரியாக இருக்கும்.

மூன்றாம் படி: சரிபார்த்தல்

இந்தப் படியைத் தாண்டிப்போனதற்கு நான் தண்டனை அனுபவித்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கலன்று, மெரினா உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை என்ற அட்டையை 'மெய்' என்று அறிவித்துக் கொட்டைகளைப் பங்கிடத் தொடங்கியபோது, கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகன் கையை உயர்த்தினான். "சித்தப்பா, எப்படி அளந்தாலும் மெரினா பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டாதே! வங்கதேசத்துக் காக்ஸ் பஜார் மட்டுமே நூற்று இருபது கிலோமீட்டர் வருமே. ஆஸ்திரேலியாவில் ஒரு கடற்கரைக்குப் பெயரே தொண்ணூறு மைல் கடற்கரை" என்றான். அன்று என் நடுவர் பதவி பறிபோயிற்று.

பலர் சொல்வதால் ஒரு தகவல் உண்மையாகிவிடாது என்பதற்கு நீதிமன்றம் வரை போன சான்றும் உண்டு. ஃபிரெட் வொர்த் என்ற அமெரிக்கர் தாம் தொகுத்த தகவல் களஞ்சியத்தில், தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் பிலிப் என்று ஒரு பொய்யை வேண்டுமென்றே நுழைத்துவைத்தார், யாராவது தம் உழைப்பை நகலெடுத்தால் பிடிபடட்டும் என்று. அதே பிலிப், டிரிவியல் பர்சூட் என்ற புகழ்பெற்ற பலகை விளையாட்டின் அட்டை ஒன்றில் தலைகாட்ட, 1984-இல் அவர் வழக்குத் தொடுத்தார். வெறும் தகவல்களுக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதால் வழக்கில் தோற்றார்.

ஆகவே ஒவ்வோர் அட்டைக்கும், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியிராத இரண்டு இடங்களிலாவது உறுதிசெய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை அடிப்படையாகக் கொள்ளாதீர்கள்.

நான்காம் படி: வாக்கியத்தை அமைத்தல்

அட்டையின் முன்புறம் ஒரே ஒரு வாக்கியமும், பின்புறம் விடையும் காரணமும் இருக்க வேண்டும். வாக்கியத்தில் சந்தேகத்துக்கு இடமிருந்தால் தோற்றவர் விடமாட்டார். 'வெள்ளிக் கோளில் ஒரு நாள் ஓர் ஆண்டைவிட நீளமானது' என்று முதலில் எழுதிவைத்திருந்தேன். வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற நம் கணக்கில் 243 நாளும், சூரியனைச் சுற்றிவர 225 நாளும் ஆகின்றன என்பதால் அது சரியென்றே தோன்றும். ஆனால் அது எதிர்த்திசையில் சுழல்வதால் அங்கே ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் இடையில் 117 நாள்களே கழிகின்றன. 'நாள்' என்பதற்கு இந்தப் பொருளைக் கொள்பவரின் கணக்கில் வாக்கியம் பொய்யாகிவிடும். 'வெள்ளி சூரியனை ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் தன்னைத்தானே ஒருமுறைகூட முழுமையாகச் சுற்றி முடிப்பதில்லை' என்று மாற்றியபின் வழக்குக்கு இடமில்லாமல் போயிற்று.

ஐந்தாம் படி: ஆடும் முறை

அனைவரும் வட்டமாக அமர, நடுவர் ஓர் அட்டையை நிறுத்தி நிதானமாக இரண்டு முறை வாசிக்க வேண்டும். ஒரு நிமிடம் வரை யார் வேண்டுமானாலும் வாதிடலாம், மற்றவரைக் குழப்பலாம். கைப்பேசியைத் தொட மட்டும் கூடாது. பிறகு ஒவ்வொருவரும் ஒன்று முதல் மூன்று கொட்டைகளை இடக்கையில் மூடிக்கொள்ள, 'சா பூ த்ரீ' என்றதும் அனைவரும் ஒரே நேரத்தில் வலக்கையை நீட்ட வேண்டும். உள்ளங்கை மேலே இருந்தால் மெய், புறங்கை மேலே இருந்தால் பொய். தொடக்கத்தில் நாங்கள் சாதாரணமாகக் கை உயர்த்தித்தான் ஆடினோம்; பெரியப்பா எந்தப் பக்கம் தூக்குகிறாரோ அந்தப் பக்கமே வீட்டின் பாதிக் கைகளும் எழுந்ததால் இந்த மாற்றத்தைச் செய்தோம். சரியாகச் சொன்னவர் தாம் கட்டிய அளவைத் தாம்பாளத்திலிருந்து எடுத்துக்கொள்வார். தவறியவர் தம்முடையதைத் தாம்பாளத்தில் போடுவார். அட்டைக்கு இரண்டரை நிமிடம் என்று வைத்தால் இருபத்து நான்கு அட்டைகள் ஒரு மணி நேரத்தில் முடியும். மீதி ஆறு அட்டைகள் கையிருப்பு.

விடையைச் சொன்னவுடன் அடுத்த அட்டைக்குத் தாவிவிடாதீர்கள். ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள் என்பது 'மெய்' என்று மட்டும் சொன்னால் தோற்றவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். இரண்டு இதயங்கள் செவுள்களுக்கும் ஒன்று உடலின் மற்றப் பகுதிகளுக்கும் இரத்தம் செலுத்துகின்றன என்றும், அந்த இரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால் அது நீல நிறம் என்றும் சேர்த்துச் சொன்னால் அவரும் முன்னால் குனிந்து கேட்பார்.

ஆறாம் படி: கல்யாண வீட்டுக்கென்று ஒரு சுற்று

இருபத்து மூன்று பேருக்கு மேல் கூடியிருந்தால், 'இந்தக் கூட்டத்தில் யாரோ இருவருக்கு ஒரே தேதியில் பிறந்தநாள் வரும்' என்பதையே கடைசி அட்டையாக வாசிக்கலாம். வருடத்துக்கு 365 நாள் இருக்க, இது நடக்காது என்றே பலரும் புறங்கையைக் காட்டுவார்கள். ஆனால் இருபத்து மூன்று பேருக்குள் 253 இணைகள் இருப்பதால் வாய்ப்பு பாதியைச் சற்றுத் தாண்டிவிடுகிறது. முப்பது பேர் என்றால் நூற்றுக்கு எழுபது. ஜனவரியிலிருந்து மாதம் மாதமாகத் தேதிகளைச் சொல்லச்சொல்லிக் கேளுங்கள். பொருந்தாமலும் போகலாம் என்பதால் இதற்கு மட்டும் நடுவருக்கும் விடை தெரியாது.

ஆட்டம் முடிந்ததும் ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் தேதியையும் எந்த உறவினரிடம் வாசித்தோம் என்பதையும் குறித்துவையுங்கள், இல்லையென்றால் அடுத்த ஆண்டு அதே அத்தையிடம் அதே மிளகாயைக் கேட்டு மாட்டிக்கொள்வீர்கள். சர்ச்சைக்குள்ளான அட்டைகளைத் தனியாக ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள். எங்கள் மெரினா அட்டை இன்றும் பெட்டியில் இருக்கிறது; பின்புறத்தில் என் கையெழுத்தில் இருந்த 'மெய்' அடிக்கப்பட்டு, அண்ணன் மகனின் கையெழுத்தில் 'பொய்' என்று இருக்கிறது.