வைப்பர் பிளேடு மாற்றுவதில் கடலோரத்துக்காரர்கள் செய்யும் தவறுகள்

ஐப்பசியில் முதல் பெருமழை அடித்த மறுநாள் ராமநாதபுரத்து ஸ்பேர்ஸ் கடைகளில் போய் நின்று பாருங்கள். வருகிறவர்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, வைப்பர் பிளேடு ஒரு செட் குடுங்க." முந்தின ராத்திரி பாம்பன் ரோட்டுப் பாலத்தின் மேல், எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணாடி முழுக்கக் கலங்கிப் பரவ, ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். அந்த அவசரத்தில் என்ன நீளம், என்ன கொக்கி என்று நிதானமாகப் பார்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. பாதித் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

மீதிப் பாதி, ரப்பர் எதனால் கெடுகிறது என்பது தெரியாததால் வருவது. "மழையே பெய்யல, வைப்பர் போடவே இல்ல, அதுக்குள்ள எப்படிக் கெட்டுப்போகும்?" என்பார்கள். நம் பக்கத்தில் ரப்பரைக் கொல்வது வெயில்தான். சித்திரை, வைகாசியில் கண்ணாடி கொதிக்கிறது. அதன் மேல் ரப்பர் ஒரே பக்கமாகச் சாய்ந்தபடி மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. வைப்பர் ஒழுங்காகத் துடைக்க வேண்டுமென்றால், போகும்போது ஒரு பக்கமும் திரும்பும்போது மறுபக்கமும் அந்த மெல்லிய விளிம்பு புரண்டு படுக்க வேண்டும். வெயிலில் இறுகிப்போன ரப்பர் புரளாது. போகும்போது துடைக்கும், வரும்போது தடதடவென்று குதிக்கும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் என்பதுதான் பொதுவாக ஒரு ரப்பரின் ஆயுள். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது இங்கே கணக்கே இல்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் தொடங்குகிறது என்பதால் புரட்டாசியில் மாற்றிக்கொள்வது நல்லது. சித்திரையில் புதிதாக மாட்டினால், கோடை வெயில் முழுவதையும் அது வாங்கிய பிறகுதான் மழைக்கு வரும்.

இதே காரணத்தால் கடையில் ஒன்றைக் கவனியுங்கள். வாசல் கம்பியில் வெயில் படத் தொங்கும் பிளேடை வாங்காதீர்கள். உள்ளே பெட்டியில் இருப்பதை எடுத்துத் தரச் சொல்லி, ரப்பர் விளிம்பை விரலால் லேசாகச் சாய்த்துப் பாருங்கள். மெத்தென்று சாய்ந்து உடனே நிமிர வேண்டும். விளிம்பில் மயிரிழை வெடிப்போ வெளிறிய நிறமோ தெரிந்தால் அது கடையிலேயே கிழடாகிவிட்டது.

கண்ணாடியைப் பார்க்காமல் பிளேடைத் திட்டுவது

இந்தக் கரையில் அதிகம் நடக்கும் தவறு இது. ஒரு கடை வாசலில் பார்த்தது: ஏர்வாடிப் பக்கத்து டாக்சிக்காரர் ஒருவர், "போன மாசம்தாண்ணே மாட்டுனேன், கீச்சு கீச்சுனு கத்துது" என்று சண்டைக்கே வந்துவிட்டார். கடைக்காரர் பிளேடைத் தொடவே இல்லை. "கண்ணாடியில விரல வச்சு இழுத்துப் பாருங்க தம்பி" என்றார். இழுத்தார். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த கண்ணாடி, விரலுக்குச் சொரசொரவென்று இருந்தது. "இப்ப அந்த விரல நாக்குல வைங்க" என்று சிரித்தார் கடைக்காரர்.

கடற்காற்றில் வரும் உப்புத் துளி கண்ணாடியில் காய்ந்து படலமாகிவிடும். அதோடு மண்டபம், ராமேசுவரம் பக்கமிருந்து மீன் ஏற்றி வரும் லாரிகளின் பின்னால் கொஞ்ச தூரம் போயிருந்தால் கேட்கவே வேண்டாம். ஐஸ் உருகி ஒழுகும் தண்ணீரும் மீன் எண்ணெயும் சாலையில் தெறித்து உங்கள் கண்ணாடியில் பிசுக்காக உட்கார்ந்திருக்கும். வெறும் தண்ணீருக்கு அது போகாது. கார் ஷாம்பு போட்டு மெத்தென்ற துணியால் இரண்டு முறை கழுவி, ரப்பர் விளிம்பையும் ஈரத்துணியால் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்து, அப்புறம் வைப்பரைப் போட்டுப் பாருங்கள். புதிய பிளேடுக்கான காசு மிச்சமாகும் வாய்ப்பு நிறையவே இருக்கிறது.

கழுவிய பிறகும் குறை இருந்தால், தண்ணீர் எப்படி நிற்கிறது என்பதே காரணத்தைச் சொல்லும். நூல் போல ஒரே கோடு, எப்போதும் ஒரே இடத்தில் என்றால் ரப்பரில் அந்த இடம் கிழிந்திருக்கிறது, இல்லை மணல் ஒட்டியிருக்கிறது. நடுவிலோ ஓரத்திலோ அகலமான பட்டை துடைபடாமல் நின்றால் பிளேடு கண்ணாடியில் அழுந்தவில்லை. ஒரு திசையில் மட்டும் குதித்தால் ரப்பர் இறுகிவிட்டது, அல்லது பிளேடைப் பிடித்திருக்கும் இரும்புக் கை, அதாவது ஆர்ம், முறுக்கிக்கொண்டிருக்கிறது. கண்ணாடி முழுக்கப் பனி மூட்டம் போலப் பரவினால் பிசுக்கு இன்னும் போகவில்லை.

நீளமும் கொக்கியும்

பிளேடு நீளத்தை அங்குலத்தில் சொல்வார்கள். பெரும்பாலான கார்களில் டிரைவர் பக்கம் ஒரு நீளம், இடது பக்கம் வேறு நீளம். இரண்டையும் டேப் வைத்துத் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் அதையும் முழுசாக நம்ப வேண்டாம். முன்பு வைத்திருந்தவர் கடையில் இருந்ததை மாட்டிக்கொண்டு போயிருக்கலாம். வண்டியோடு வந்த புத்தகத்தில் சரியான அளவு பெரும்பாலும் இருக்கும். "ஒரு இஞ்ச் கூட இருந்தா நல்லாத் துடைக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. நீளம் கூடினால் ஓரத்துத் தூணில் போய் இடிக்கும், இல்லை இரண்டு பிளேடும் ஒன்றோடொன்று மோதும். வளைவு அதிகமான கண்ணாடியில் நுனி தூக்கிக்கொண்டு நிற்கும்.

நீளத்தைவிட ஏமாற்றுவது கொக்கி. ஆர்ம் நுனி தூண்டில் முள் போல வளைந்திருப்பதுதான் அதிகம். ஆனால் பட்டன் அழுத்திக் கழற்றுவது, பக்கவாட்டில் ஊசி நுழைவது என்று வேறு வகைகளும் இருக்கின்றன. வளைந்த கொக்கியிலேயே அகலம் மாறும். புதிய பிளேடோடு நாலைந்து பிளாஸ்டிக் கிளிப் கொடுப்பது இதற்காகத்தான். தவறான கிளிப்பும் ஓரளவு உள்ளே போய்விடும், அதுதான் ஆபத்து. தனுஷ்கோடி ரோட்டில் எதிர்காற்றில் பிளேடு பறந்துபோனால் வெறும் இரும்பு ஆர்ம் கண்ணாடியைக் கீறும். ஆழமாக விழுந்த கீறலைப் பிறகு போக்குவது கஷ்டம். கடைக்குப் போகும்போது இணைப்பு இருக்கும் இடத்தை போனில் கிட்டப் போய் ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள். பின்பக்க வைப்பரின் இணைப்பு பெரும்பாலும் தனி வகை. அதற்கும் ஒரு படம்.

இரும்புச் சட்டம் வைத்ததா, சட்டமில்லாத பட்டை வகையா என்று கேட்டால், கடலோரத்துக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். சட்டம் வைத்ததில் மூட்டும் ஆணியும் நிறைய. உப்பும் மணலும் அங்கே போய் உட்கார்ந்து துருவேறி, மூட்டு அசையாமல் நின்றுவிடும். ஆனால் பட்டை வகையின் வளைவு உங்கள் கண்ணாடிக்குப் பொருந்த வேண்டும். சட்டம் நன்றாக இருந்தால் ரப்பரை மட்டும் மாற்றுவது மலிவு. அப்படி மாற்றும்போது உள்ளே செருகும் மெல்லிய எஃகுக் கம்பி இரண்டின் வளைவையும் பள்ளத்தையும் பார்த்துப் போடுங்கள். திருப்பிச் செருகினால் இரண்டு நுனியும் கண்ணாடியைத் தொடாது.

மாட்டும்போது

பிளேடைக் கழற்றியதும் ஆர்முக்குக் கீழே மடித்த துண்டு ஒன்றைப் போடுங்கள். ஸ்பிரிங் இழுத்துக்கொண்டு ஆர்ம் 'பட்'டென்று விழுந்தால், பிளேடுக்குக் கொடுத்ததைப்போல் பல மடங்கு கண்ணாடிக்குக் கொடுக்க வேண்டிவரும். கடற்கரையில், காற்றடிக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள், எப்படி மாட்டியிருந்தது என்று மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். சில கார்களில் ஆர்ம் பானட் விளிம்புக்குள் ஒளிந்திருக்கும். அதைப் பலமாகத் தூக்கினால் பெயிண்ட் போகும். நடுக்கண்ணாடிக்கு ஏற்றி நிறுத்தும் முறை வண்டிப் புத்தகத்தில் இருக்கும். ஆர்மைத் தூக்கி வைத்தபடி பானட்டைத் திறக்காதீர்கள்.

மாட்டியதும் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். வந்த பிறகும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். புதிய ரப்பர் மேல் சில கம்பெனிகள் பிளாஸ்டிக் உறை ஒன்று போட்டு அனுப்புகின்றன. அதைக் கழற்றாமல் ஓட்டிவிட்டு, "புதுசு துடைக்கவே மாட்டேங்குது" என்று திரும்பி வருபவர்கள் உண்டு. சிரிக்க வேண்டாம், அந்த உறை கண்ணுக்குச் சட்டென்று தெரியாது.

எல்லாம் சரியாக இருந்தும் கண்ணாடியில் துடைபடாத பட்டை நின்றால் ஆர்மைப் பாருங்கள். கடலோர வண்டிகளில் ஆர்ம் மடியும் மூட்டு துருப்பிடித்து இறுகிவிடும். ஸ்பிரிங் என்னதான் இழுத்தாலும் அழுத்தம் கண்ணாடிக்கு வராது. அந்த மூட்டில் மட்டும் துரு நீக்கும் எண்ணெய் விட்டு மேலும் கீழும் அசைத்துவிடலாம். ஆர்மின் அடி நட்டைக் கழற்ற வேண்டிய நிலை வந்தால் மெக்கானிக்கிடம் விடுங்கள். உப்பில் இறுகிய ஆர்மைச் சுத்தியலால் தட்டி எடுக்கப் போய் உள்ளே இருக்கும் இணைப்புக் கம்பியை வளைப்பது சுலபம்.

அப்புறம்

காய்ந்த கண்ணாடியில் வைப்பர் போடாதீர்கள். 2017இல் தனுஷ்கோடி நுனியிலுள்ள அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்த பிறகு எல்லாரும் சொந்தக் காரிலேயே அங்கே போகிறோம். ஆடிக் காற்றில் அந்த ரோட்டின் மேல் மணல் ஏறிக் கிடக்கும். கண்ணாடியில் விழுந்த மணலை ரப்பரால் தள்ளினால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கதைதான். முதலில் தண்ணீர் ஊற்றி வழியவிடுங்கள்.

கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் வாஷர் தொட்டியில் போர் தண்ணீரை ஊற்றுவதையும் விடுங்கள். நம் ஊரில் பல இடங்களில் அது உவர்ப்பு. காய்ந்தால் வெள்ளைத் திட்டு, நாளாக ஆக முனைத் துவாரமும் அடைபடும். குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் கொஞ்சம் விட்டால் போதும். ரப்பர் மிருதுவாகும் என்று தேங்காய் எண்ணெய், டீசல், மண்ணெண்ணெய் தடவுகிறவர்களுக்கு: எண்ணெய் ரப்பரை உப்ப வைக்கும், மழையில் கண்ணாடி முழுக்கப் பரவும்.

வெயிலில் நிறுத்தும்போது வைப்பரைத் தூக்கி வைக்கலாமா என்று கேட்கிறார்கள். உள்ளூர் வீதியில், காற்றில்லாத இடத்தில் சரி. பாம்பனிலோ ராமேசுவரம் கடற்கரையிலோ வேண்டாம், காற்று அதைக் கண்ணாடி மேலேயே அடித்துவிடும். அங்கே நிழல் தேடுங்கள், இல்லையென்றால் கண்ணாடியையும் வைப்பரையும் சேர்த்து ஒரு துணியால் மூடுங்கள்.