மாங்காய்ப் பெட்டி தூக்கிய முதுகுக்கு

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் சீசன் முடிந்தால் வீட்டுக்கு ஒருவராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. அதற்குப் படுத்தே கிடப்பது மருந்தல்ல. அமெரிக்க மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிசியன்ஸ் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், மாத்திரைக்கு முன் முயல வேண்டியவற்றில் யோகாவைச் சேர்த்திருக்கிறது.

மார்ஜாரி ஆசனத்தில் தொடங்குங்கள். கோரைப்பாயை இரண்டாக மடித்து முட்டி போடுங்கள். உள்ளங்கைகள் தோளுக்கு நேர் கீழே ஊன்றியிருக்கட்டும். மூச்சை இழுக்கும்போது வயிறு தரையை நோக்கி இறங்கட்டும். விடும்போது பூனை சோம்பல் முறிக்கிற மாதிரி முதுகை மேலே வளையுங்கள். நிதானமாக எட்டு, பத்து முறை. முதல் வாரம் இது மட்டும் போதும், அவசரமே வேண்டாம். அப்புறம் புஜங்காசனம்: குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்குங்கள், தொப்புள் பாயை விட்டு எழ வேண்டாம்.

குனிந்து கால்விரலைத் தொடும் ஆசனங்களை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க் பிதுங்கியவர்களுக்கு அது வலியைக் கூட்டிவிடும். காலையில் எழுந்ததும் முதுகு விறைப்பாக இருக்கும். அரை மணி நேரம் நடமாடிவிட்டுச் செய்யுங்கள். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ ஆசனத்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.