ராஜகாலுவே எல்லைக் கோடுகளைத் திருத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூருவில் சர்ஜாபூர் சாலையருகே உள்ள ஓர் இடத்தின் வெள்ள எல்லை வரைபடத்தைத் திருத்தி, எங்களிடம் புதிதாகச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் சென்ற மாதம் என் மேசையில் வைத்தார்கள். கோடுகள் அழகாகவே இருந்தன. ஆனால் 18 ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழை அதில் அப்படியே இருந்தது. அளவுகோலைத் தவறாகப் படிப்பது, கூட்டலில் பிசகுவது போன்றவை ஒரு வாரத்தில் தாமே சரியாகிவிடும். அவற்றை இங்கே எழுதவில்லை.

இன்று ஓடும் இடத்தையே ஓடை என்று கொள்வது

கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவின் நடுவே பெரிய ஆறு எதுவும் இல்லை. ஓர் ஏரி நிரம்பினால், இங்கே கோடி என்றும் நம் ஊரில் கலங்கல் என்றும் சொல்லும் வழியாக நீர் வழிந்து, ராஜகாலுவே எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாயில் இறங்கி அடுத்த ஏரிக்குப் போக வேண்டும் என்பதே பழைய ஏற்பாடு. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடக்கும் நீர்தான் தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது.

நகரின் 2015-க்கான பெருந்திட்டம் முதல்நிலைக் கால்வாய்க்கு 50, இரண்டாம் நிலைக்கு 25, மூன்றாம் நிலைக்கு 15 மீட்டர் என இருபுறமும் கட்டடம் கட்டாமல் விடச் சொன்னது. அதையும் கால்வாயின் நடுக்கோட்டிலிருந்து அளக்கச் சொன்னது. பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் இந்த அளவுகளை மாற்றியது, உச்ச நீதிமன்றம் 2019-இல் அந்த மாற்றத்தை நீக்கியது. எந்த அளவாக இருந்தாலும், கால்வாயின் இடமே தவறினால் மற்றவை எல்லாம் தவறுதான்.

அன்று நான் கால்வாயின் இரண்டு கான்கிரீட் சுவர்களையும் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியால் அளந்து, நடுக்கோடு கண்டு, 25 மீட்டரை வரைந்துவிட்டேன். கோப்பில் மடித்து வைத்திருந்த கிராம வரைபடத்தில் காலுவே கிழக்கே 40 மீட்டர் தள்ளி வளைந்து சென்றது. முன்பு மனை பிரித்த யாரோ அதை எல்லையோரம் ஒதுக்கி, இரண்டு இடங்களில் செங்கோணமாகத் திருப்பியிருந்தார்கள். "மழை வலுத்தா தண்ணி இந்தச் சுவத்தைப் பாக்காது சார், அந்தப் புங்கமரத்துப் பக்கமாத்தான் போவும்" என்று கிருஷ்ணகிரிக்காரரான காவலாளிப் பெரியவர் சொன்னதையும் நான் குறித்துக்கொள்ளவில்லை.

2022 செப்டம்பர் 5 காலை வரையான 24 மணி நேரத்தில் நகரில் 131.6 மில்லிமீட்டர் மழை பதிவானது. புங்கமரம் இருந்த இடத்தில் எழுந்த கட்டடத்தின் அடித்தளத்தில், நீருக்கடியில் ஒரு காரின் முகப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். ஜெனரேட்டரும் லிஃப்ட் இயந்திரமும் வீணாயின. வரைபடம் கையிலேயே இருந்ததை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

கிராம வரைபடத்தை எல்லைக் கற்களோடு பொருத்திய பிறகே பயன்படுத்துங்கள். 1:7920 அளவில் அரை மில்லிமீட்டர் மைக்கோடு தரையில் ஏறத்தாழ 4 மீட்டர். ஆகவே அதுவும் முழு உண்மை அன்று. பழைய கோடு, இன்றைய சுவர், சமஉயரக் கோடுகள் காட்டும் பள்ளத்தின் அடி ஆகிய மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று விழாவிட்டால், மூன்றையும் வரைந்து, இன்றைய கால்வாய் திருப்பிவிடப்பட்டது என்று வரைபடத்திலேயே எழுதுங்கள். கைபேசியில் கர்நாடக அரசின் திஷாங்க் செயலி காட்டும் சர்வே எண் இடத்தைத் தேடிப் போக உதவும். எல்லை வரைய அது போதாது.

மட்டம் எங்கே தொடங்கியது என்று எழுதாமல் விடுவது

பக்கத்துப் பக்கத்து மனைகள் இரண்டிலும் பெஞ்ச் மார்க், அதாவது உயரத்தை அளக்கத் தொடங்கும் புள்ளி, 100.000 என்றிருக்கும், ஒன்று பாலத்தின் மூலை, மற்றது யார் வீட்டுப் படியோ. இரண்டையும் இணைத்தால் நீர் மேட்டில் ஏறுவதாகக்கூட வரைபடம் காட்டும்.

மண் கொட்டி மேடாக்கிவிட்டு எல்லையை நகர்த்தக் கேட்பது

நான் கையெழுத்திட மாட்டேன்.

நாள் மழையை மட்டும் பார்ப்பது

சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஒரு மணி நேரத்துக்குள் கொட்டும் மழைதான் கால்வாயை நிரப்புகிறது. நாள் முழுதும் தூறிச் சேரும் அதே அளவு மழை அமைதியாக வடிந்துவிடும்.

கல்வெர்ட்டின் (சாலைக்கு அடியில் நீர் போகும் சிறு பாலத்தின்) அகலத்தைக் காகிதத்திலிருந்து எடுப்பது

உள்ளே குனிந்து பாருங்கள். குறுக்கே ஒரு கழிவுநீர்க் குழாயும் நான்கைந்து கேபிள்களும், அவற்றில் சிக்கிய மெத்தை ஒன்றும் இருக்கும்.