ஐந்து பேர், ஒரு வண்டி: தரைவழியாகப் பூடான் போவது எப்படி

நாங்கள் ஐந்து பேர். வாட்ஸ்அப் குழுவில் "பூடான் போறோம்டா" என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, ஒருவழியாக ஓர் அக்டோபரில் கிளம்பினோம். இந்த விளக்கம் தரைவழியாகப் போகிறவர்களுக்கு, அதாவது மேற்கு வங்காளத்தின் ஜெய்காவ் வரை போய், எதிரே இருக்கும் புன்ட்ஷோலிங் வாசல் வழியாக நுழைகிறவர்களுக்கு. டிக்கெட் போடுவது, பை கட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

1. எல்லை வரை

விமானமென்றால் பாக்டோக்ராவில் இறங்கி, வாடகை வண்டியில் நாலைந்து மணி நேரம். ரயிலென்றால் ஹாசிமாரா, அங்கிருந்து ஜெய்காவ் பக்கம்தான். ஐந்து பேருக்கு ஒரு வண்டி போதும். ஆனால் பைகளை மடியில் வைத்துக்கொண்டு போகவேண்டியிருக்கும், பெரிய வண்டியாகக் கேளுங்கள்.

2. அடையாள அட்டை (இங்கேதான் நாங்கள் மாட்டினோம்)

இந்தியர்களுக்கு விசா வேண்டாம், அனுமதிச்சீட்டு போதும். "விசாவே வேண்டாம்" என்பதைக் கேட்டதும் எல்லாரும் அசால்ட் ஆகிவிடுகிறோம். அந்தச் சீட்டுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். பாஸ்போர்ட் என்றால் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். ஆதார் செல்லாது. எங்களில் நான்கு பேர் பாஸ்போர்ட்டோடு வந்தோம், ஐந்தாமவன் ஆதாரை மட்டும் பர்ஸில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். "ஏர்போர்ட்லயே இதைத்தானேடா காட்டினேன்" என்று கவுன்டரில் நின்று எங்களிடம் வாதம் வேறு.

இதற்கும் வழி இருக்கிறது. புன்ட்ஷோலிங்கில் உள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் வேறு அடையாளச் சான்றுகளைக் காட்டி ஓர் அடையாளச் சீட்டு வாங்கலாம். ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். திங்கள் காலை வரை ஜெய்காவில் டீயும் மோமோவுமாகப் பொழுது போனது, தலைநகர் திம்புவில் போட்டிருந்த அறைக்குக் கட்டிய பணமும் போனது. வண்டி ஒன்று, வழிகாட்டி ஒருவர் என்று ஏற்பாடு செய்திருந்ததால், ஒருவன் நின்றால் ஐந்து பேரும் நிற்கவேண்டியதுதான்.

அதனால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால், ஆளுக்கொரு அட்டையைப் படமெடுத்துக் குழுவில் போடச் சொல்லுங்கள். "இருக்குடா" என்ற பதிலை ஏற்காதீர்கள், படம்தான் வேண்டும். நேரில் கவுன்டரில் எடுப்பதைவிட முன்பே இணையத்தில் விண்ணப்பித்துவிடுவது மேல், சிக்கல் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, நம்மூர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், வாக்காளர் அட்டையில் ஓர் எழுத்து இருக்கும், விடுதி முன்பதிவில் அதுவும் இருக்காது. எந்த அட்டையைக் காட்டப்போகிறீர்களோ, அதில் உள்ளபடியே எல்லா இடத்திலும் பெயரை எழுதுங்கள்.

கடிகாரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். பூடான் நமக்கு அரைமணி முன்னால் ஓடுகிறது. நம் கைக்கடிகாரத்தில் நாலரை என்றால் அங்கே ஐந்து.

3. காசு

இந்தியர்களுக்கு ஓர் இரவுக்குத் தலைக்கு 1,200 ரூபாய், நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் என்ற பெயரில். 2022-இல் வந்தது. ஐந்து பேர், நான்கு இரவு என்றால் 24,000. இதைப் பட்ஜெட்டில் தனி வரியாகவே எழுதுங்கள், "மற்றவை"க்குள் ஒளித்துவைத்தால் மூன்றாம் நாள் சண்டை வரும். எங்களுக்கு வந்தது. செலவைப் பங்கிட ஆப் வேண்டாம் என்பது என் கட்சி. மலைப்பாதையில் சிக்னல் போய்ப்போய் வரும், ஆளாளுக்கு ஏற்றிய கணக்கு ஒத்துப்போகாது. ஆளுக்கு ஐயாயிரம் ஒரு பொதுப் பையில் போட்டு, ஒருவர் கையில் கொடுத்து, ஒரு சின்ன நோட்டில் எழுதினோம். தீர்ந்ததும் மறுபடி ஐயாயிரம்.

அவர்கள் பணம் நுல்ட்ரம், மதிப்பு நம் ரூபாய்க்குச் சமம்.

4. மலைப்பாதை

புன்ட்ஷோலிங்கிலிருந்து திம்பு ஏறக்குறைய 150 கிலோமீட்டர்தான், ஆனால் ஐந்து மணி நேரம் வளைவோ வளைவு. இஞ்சி மரப்பா எடுத்துப் போங்கள். மாத்திரையைவிட எங்களுக்கு அதுதான் கைகொடுத்தது. ஜூலை, ஆகஸ்டில் மண் சரியும், அப்போது வேண்டாம்.

புனாகா போக ஆசையென்றால் விண்ணப்பத்தின் பயணத்திட்டத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை மடம், போகிற வழியில் தோச்சுலா கணவாயில் 108 ஸ்தூபிகள். அதை விட்டுவிட்டுத் திம்புவில் கடை சுற்றுவது வீண்.

5. தக்சாங்

பாரோவில் பாறை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த மடாலயம். 1692-இல் கட்டியது, 1998-இல் தீப்பிடித்து, பிறகு திரும்பக் கட்டினார்கள். கடல்மட்டத்திலிருந்து 3,100 மீட்டருக்கு மேல். பாரோவுக்கு வந்த மறுநாளே ஏறாமல், கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மூச்சு பழகிவிடும். காலை ஏழுக்கே கிளம்புங்கள். குதிரை பாதி வழி வரைதான், இறங்கும்போது அதுவும் கிடையாது. மேலே மடாலயம் கண்ணுக்கு எதிரே வந்ததும் வந்துவிட்டோம் என்று தோன்றும். இல்லை, நூற்றுக்கணக்கான படி இறங்கி, அருவியைத் தாண்டி, மறுபடி ஏறவேண்டும்.

உள்ளே போனும் பையும் கூடாது, வாசலில் வைத்துவிட்டுப் போகவேண்டும். முழுக்கை, முழு பேண்ட். அரைக்கால் சட்டையில் வந்தவன் எங்களில் யார் என்று சொல்லத் தேவையில்லை, அதே ஆதார்க்காரன்தான். வலம் வருவது நம் கோயில் போலவே, இடமிருந்து வலமாக. பிரார்த்தனை உருளைகளையும் அப்படியே சுற்றுங்கள்.

பின்சேர்க்கை

சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். கிடைக்கும். எமா தத்ஷி என்பது மிளகாயையே காய்கறியாகப் போட்டுப் பாலாடைக்கட்டியில் வேகவைத்தது, நம் காரத்துக்குப் பழகியவனுக்கும் கண்ணில் நீர் வரும். முதல் நாள் கேவா தத்ஷி, அதாவது உருளைக்கிழங்கு போட்டது, கேளுங்கள்.

குழந்தைகளோடு போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழ் கொண்டுபோங்கள். ஆறு வயதுக்குள் என்றால் அந்த 1,200 ரூபாய்க் கட்டணம் இல்லை, அதற்கு மேல் பன்னிரண்டு வரை பாதி.

மீந்த நுல்ட்ரத்தை ஜெய்காவிலேயே செலவழித்துவிடுங்கள், கடைகளில் வாங்கிக்கொள்வார்கள். எங்கள் பொதுப் பையில் இன்னும் 340 கிடக்கிறது, சென்னையில் அதை வைத்து ஒரு டீ கூடக் குடிக்க முடியாது.