முடிவு தெரிந்த மாயக்கதையை மறுபடி படிப்பது எப்படி

பிடித்த ஃபேன்டசி நாவலை ஆசையாக மறுபடி எடுத்து, நூறு பக்கம் போனதும் "இதெல்லாம் தெரிஞ்சதுதானே" என்று மூடி வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். முதல் தடவை கிடைத்த படபடப்பையே தேடினால் அப்படித்தான் ஆகும். அடுத்து என்ன ஆகுமோ என்ற பதைப்பு ஒரு தடவைக்குத்தான். ஆனால் அந்தப் பதைப்பில் பாதி நாவலைக் கவனிக்காமலே ஓடியிருப்போம், அந்தப் பாதிதான் இப்போது நமக்குப் படிக்கக் கிடைக்கிறது.

எப்போது எடுப்பது? யார் சாகிறார்கள், யார் துரோகி என்பதெல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது எப்படி நடந்தது என்று யாராவது கேட்டால் தடுமாறுகிறீர்கள் என்றால், அதுதான் நல்ல நேரம். வசனமே மனப்பாடமாக இருந்தால் இன்னும் கொஞ்ச காலம் போகட்டும். கெடு வைத்துக்கொண்டு படிப்பவர்களும் உண்டு. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' திரைப்படத்தில் சாருமான் என்ற மந்திரவாதியாக நடித்த கிறிஸ்டோபர் லீ, அந்த நாவலை வருஷத்துக்கு ஒரு தடவை படித்துவிடுவேன் என்று சொல்லி வந்தவர். அது அவருக்குச் சரி. எல்லாருக்கும் அந்தக் கெடு ஒத்துவராது, கட்டாயமாகிவிட்டால் பிடித்த புத்தகம்கூடப் பாடப்புத்தகம் ஆகிவிடும்.

எடுத்தாயிற்று. இனி கதைக்குப் பின்னால் ஓடாமல், எழுத்தாளர் எதை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்று பாருங்கள். ஹாரி பாட்டரின் இரண்டாம் பாகத்தில் (1998) ஹாரி பள்ளிக் காவலாளி ஃபில்ச்சிடம் மாட்டிக்கொண்டு அவருடைய அறையில் நிற்கும்போது, மேல்மாடியில் பெரிய அலமாரி ஒன்று விழுந்து நொறுங்குகிறது. ஃபில்ச் பதறி ஓட, ஹாரி தப்பிக்கிறான். முதல் வாசிப்பில் அது ஒரு சின்ன வேடிக்கை, அவ்வளவுதான். ஐந்தாம் பாகத்தில் அதே அலமாரிக்குள் ஒரு மாணவனைத் தள்ளிவிடுகிறார்கள், அதையும் சிரித்துக்கொண்டே தாண்டிவிடுவோம். ஆறாம் பாகத்தில் (2005) எதிரிகள் பள்ளிக்குள் நுழைவதே அந்த அலமாரி வழியாகத்தான். இது தெரிந்தபின் இரண்டாம் பாகத்தின் அந்தப் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள், சிரிப்பு வருகிறதா என்று. இதற்கு எளிய வழி, ஆரம்பிக்கும் முன்பே ஒரே ஒரு பொருளையோ ஆளையோ தேர்ந்துகொள்வது: ஒரு மோதிரம், ஒரு வாள், நாலு இடத்தில் மட்டும் வந்துபோகும் ஒரு வேலைக்காரன். அது வரும் இடங்களில் மட்டும் நின்று நிதானமாகப் படியுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாசிப்பில் கவனிக்கப் பார்த்தால் எதுவும் நிற்காது.

நாயகனை விட்டுவிட்டு வேறொருவர் பக்கம் நின்று படிப்பதும் நல்ல பலன் தரும். உர்சுலா லெ குவின் எழுதிய 'எர்த்ஸீ' வரிசையின் முதல் நாவல் 1968-இல் வந்தது, மூன்றாவது 1972-இல், நாலாவதான 'தெஹானு' பதினெட்டு வருஷம் கழித்து 1990-இல். முதல் மூன்றை இளவயதில் விழுந்து விழுந்து படித்த பலருக்கு 'தெஹானு' ஏமாற்றமாக இருந்திருக்கும்: பெரிய மந்திரவாதி கெட் சக்தியெல்லாம் இழந்து நிற்கிறான், கதை ஒரு விதவையின் வீட்டு வேலைகளோடும் தீக்காயம் பட்ட ஒரு குழந்தையோடும் நகர்கிறது. நடுவயதில் எடுங்கள். பிறகு அதே கண்ணோடு முதல் நாவலுக்குத் திரும்பினால், அந்த உலகத்துப் பெண்களுக்கு அதில் எவ்வளவு குறைவாக இடம் இருந்தது என்பது பளிச்சென்று தெரியும். அப்புறம் கெட்டின் சாகசங்களைப் பழையபடி படிக்க முடியாது, என்னைக் கேட்டால் அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

வரிசையை மாற்றிப் பார்ப்பது மறுவாசகருக்கு மட்டுமே உள்ள சலுகை. சி. எஸ். லூயிஸின் நார்னியா நாவல் வரிசையில் முதலில் வந்தது 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்' (1950). அந்த உலகம் உண்டான கதையைச் சொல்லும் 'தி மஜீஷியன்ஸ் நெஃப்யூ' 1955-இல்தான் வந்தது, இப்போதைய பதிப்புகளில் அதையே ஒன்றாம் எண் போட்டு விற்கிறார்கள். புதிதாகப் படிப்பவர்களை நான் அந்த வழியில் அனுப்பமாட்டேன். பனி பெய்யும் காட்டுக்கு நடுவில் ஒரு தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும், அது ஏன் அங்கே இருக்கிறது என்று அங்கே வந்து சேரும் சிறுமி லூசிக்கும் நமக்கும் தெரியவே கூடாது. இரண்டாம் தடவை தாராளமாகக் கால வரிசையில் போகலாம்.

பதிப்பையும் ஒரு பார்வை பாருங்கள். 1937-இல் வெளியான 'தி ஹாபிட்' நாவலில், நாயகன் பில்போவோடு விடுகதைப் பந்தயம் வைக்கும் கொல்லம் என்ற குகைவாசி தன் மாய மோதிரத்தையே பரிசாகத் தரச் சம்மதிக்கிறான், அது காணாமல்போனதும் மன்னிப்புக் கேட்டு பில்போவுக்கு வெளியே போக வழியும் காட்டுகிறான். அடுத்து எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற பெரிய நாவலுக்கு இது பொருந்தவில்லை என்பதால் ஆசிரியர் டோல்கீன் அந்த அத்தியாயத்தைத் திருத்தினார், 1951 பதிப்பிலிருந்து இன்று நாம் படிக்கும் வடிவம்தான். பழைய வடிவம் பில்போ சொன்ன பொய் என்று பிறகு கதைக்குள்ளேயே சமாளித்தும்விட்டார். (இந்தச் சாமர்த்தியத்துக்காகவே ஒரு தடவை கூடுதலாகப் படிக்கலாம்.)

முதல் தடவை தாண்டிப்போன பாட்டுகள், வரைபடம், பின்னிணைப்பு எல்லாவற்றுக்கும் இப்போது நேரம் கொடுங்கள். அரகோர்ன், ஆர்வென் காதல் கதை முழுசாக இருப்பது 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' பின்னிணைப்பில்தான். பாட்டு வந்தால் வாய்விட்டுப் படியுங்கள், கண்ணால் மேய்ந்தால் அது சலிக்கத்தான் செய்யும்.

'தி வீல் ஆஃப் டைம்' போல 1990-இல் தொடங்கி 2013 வரை பதினாலு பாகம் நீண்ட தொடர்களை முழுசாக மறுபடி படித்தே ஆகவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. பிடித்த இரண்டு பாகம் போதும், இழுவையான நடுப்பாகங்களை ஆடியோபுக்கில் கேட்டுக்கொண்டே வேலையைப் பார்க்கலாம்.

பென்சில் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். ஓரத்தில் கோடு போட்டால் சின்னதாக வருஷத்தையும் எழுதிவிடுங்கள், அடுத்த தடவை "இதற்கா கோடு போட்டேன்" என்று வியப்பது தனி சுவாரசியம். சில புத்தகங்கள் மட்டும் எத்தனை வருஷம் தள்ளித் திறந்தாலும் ஒட்டாது, நகைச்சுவை அசடாகத் தெரியும், வில்லன் அட்டையில் வெட்டியதுபோல நிற்பான். அந்த மாதிரி ஒன்று கையில் சிக்கினால் பாதியிலேயே விட்டுவிட்டு, உங்களுக்குப் பிடித்த அந்த ஒரே அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு அலமாரியில் வையுங்கள், வேறு யாருக்காவது கொடுக்க மனம் வந்தால் கொடுத்தும் விடலாம்.