கிரிக்கெட் டீம்: அப்பாக்கள் நடத்துவதா, கோச் நடத்துவதா?

வேலூர், காட்பாடி பக்கம் பையனை வெளியூர் மேட்ச் ஆடும் டீமில் சேர்க்க நினைத்தால், முதலில் ஒரு நாள் காலை 6 மணிக்குச் சொல்லாமல் போய் நெட் (வலை கட்டிய பயிற்சி இடம்) ஓரமாக நில்லுங்கள். நெட் எத்தனை, பையன்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒரே நெட், 20 பேர், பேட்டிங்குக்கு 80 நிமிஷம் என்றால் தலைக்கு 4 நிமிஷம்தான். 15 பந்து தேறினால் அதிகம். அதே 80 நிமிஷத்தில் இரண்டு நெட்டும் 12 பேரும் இருந்தால் 13 நிமிஷம் கிடைக்கும். நடத்துவது யாராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

கோச் நடத்தி, கட்டணம் வாங்கும் இடத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பேனரில் பேர் உள்ள கோச் வாரத்தில் எத்தனை நாள் நெட்டில் நிற்பார்? பல இடங்களில் அவர் மேட்ச் அன்றைக்குத்தான் வருவார். மற்ற நாளெல்லாம் சீனியர் பையன் ஒருவன் த்ரோடவுன் (பேட்டிங் பழக, பந்தைக் கையால் எறிந்து கொடுப்பது) போட்டுக்கொண்டிருப்பான். அதற்கு மாதக் காசு கொடுப்பது வீண்.

அப்பாக்கள் சேர்ந்து நடத்தும் டீமின் கோளாறு வேறு. டீம் நடத்துகிறவர் மகன்தான் ஓப்பனிங், அவனேதான் முதல் ஓவரும். கடைசி மூன்று மேட்ச்சின் ஸ்கோர் புக்கை வாங்கிப் புரட்டினால் தெரிந்துவிடும். பேட்டிங்கில் 9, 10, 11-ஆம் இடத்தில் அதே மூன்று பேர், ஒரு ஓவர்கூடப் போடாமல் இருந்தால் அங்கே சேர்க்காதீர்கள். "எல்லாருக்கும் சான்ஸ் கொடுப்போம் சார்" என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

12 வயது வரை, டென்னிஸ் பந்தோ ரப்பர் பந்தோ ஆடும்வரை, ஒழுங்காக நடக்கும் அப்பாக்கள் டீமே போதும் என்பது எங்கள் கருத்து. லெதர் பந்துக்கு மாறும்போதுதான் தேர்ந்த கோச் தேவை. ஹெல்மெட், கார்டு (அடிபடாமல் காக்கும் கவசம்) இல்லாமல் நெட்டில் இறக்கினால் அன்றே கூட்டி வந்துவிடுங்கள். வேகப்பந்து போடும் பையன் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 13 வயதுக்குள் ஒரு ஸ்பெல்லுக்கு (ஒரே மூச்சில் தொடர்ந்து போடுவது) 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர் என்று இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வரம்பு வைத்திருக்கிறது. வளரும் முதுகெலும்பில் கீறல் விடும் என்பதுதான் காரணம். நெட்டில் போடும் பந்துகளும் உடம்புக்குக் கணக்குதான். அதையும் எழுதி வைக்கிற கோச் கிடைத்தால் விடாதீர்கள்.

பணத்தில் ஏமாறுவது மாதக் கட்டணத்தில் அல்ல, அதற்கு மேல் வருவதில். பந்து, மேட்ச் என்ட்ரி, அம்பயர் காசு, வேன், சாப்பாடு இவை யார் தலையில் என்று எழுதி வாங்குங்கள். சென்னை சுமார் 140 கிலோமீட்டர், 8.30 மேட்ச்சுக்கு விடியற்காலை 5 மணிக்கே வேன் கிளம்ப வேண்டும். கூட எத்தனை பெரியவர்கள் வருவார்கள், முதலுதவிப் பெட்டி யார் கையில், கத்திரி வெயிலில் தண்ணீர் இடைவேளை எத்தனை ஓவருக்கு ஒரு தடவை? இதற்கு அப்பாக்கள் டீமில் பெரும்பாலும் உடனே பதில் வரும்.

அரையாண்டுப் பரீட்சை சமயத்தில் மேட்ச் வைப்பார்களா என்பதையும் கேட்டுவிட்டு, முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். பையனுக்கு இரண்டே வாரத்தில் பிடிக்காமல் போனால் அந்தக் காசு திரும்பி வராது.